ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை

பார்ப்பதுதான் என் வேலை.
நாற்பத்திரண்டு கேமரா, ஒரு நாற்காலி,
ஆறிப்போன காபி.
மலைக்கணவாய்க்குள் நுழையும் தடங்களில்
இடப்பக்கம் இரண்டு மட்டும் காசுக்கு.
மற்றவை இலவசம்.
அங்கே கட்டணம் ஒரு மாலைப்பொழுது,
சில்லறை கிடைக்காது.

விலையை நான் வைப்பதில்லை.
ரிவர்சைடில் பாதிப்பேர் நான்தான் வைக்கிறேன் என்று நினைக்கிறார்கள்,
என் மைத்துனன் எஃப்ரைன் உட்பட.
உள்ளே வண்டி சேரச் சேர அது தானாக ஏறும்,
கலையக் கலைய இறங்கும்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பலகை கண் சிமிட்டும்:
நாலு எண்பத்தைந்து.
ஆறு பத்து.
ஏழு அறுபது.

ஐந்து முப்பத்தெட்டுக்குப் பதினேழாம் கேமராவில்
ஒரு சாம்பல் நிறக் கொரோலா வரும்.
வலப்பக்கக் கண்ணாடி டேப் ஒட்டியது.
வெள்ளைக் கம்பங்கள் தொடங்கும் இடத்தில் வேகம் தளரும்,
சிக்னல் விளக்கு எரியும், அணையும், எரியும்.
சில நாள் உள்ளே.
சில நாள் அந்தச் சிவப்பு விளக்குகளின் ஊர்வலத்தில்
அதுவும் ஒரு விளக்கு.

மார்ச்சில் பொதுக்கூட்டம்,
பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில்.
முப்பது வருடம் லாரி ஓட்டிய ஆர்வில் டாக்கெட் எழுந்து
"நெரிசல் குறைந்ததா இல்லையா?
ஒரே வார்த்தை" என்றார்.
எங்கள் பொறியாளர் பத்தொன்பது படம் காட்டினார்.

படங்களில் பொய்யில்லை.
முட்டி மோதி நிற்கும் தடம்
மணிக்கு ஆயிரத்து நூறு வண்டியைத்தான் கடத்தும்;
ஓடவிட்ட தடம் ஆயிரத்து அறுநூறு.
நானே எண்ணியிருக்கிறேன்.
முதல் வருடம் இலவசத் தடங்களில்கூடப்
பதினொரு நிமிடம் மிச்சமானது.

அந்தப் பதினொரு நிமிடம் எங்கே போனது என்பதற்குப்
படம் இல்லை.
நாலரைக்கே கிளம்பிக்கொண்டிருந்தவர்கள்
ஐந்துக்குக் கிளம்பினார்கள்.
ரயிலில் போனவர்கள் வண்டியைத் துடைத்து வெளியே எடுத்தார்கள்.
மலைக்கு அந்தப்புறம் எண்ணூறு வீடு எழும்பியது,
வாசலில் விளம்பரம்: அலுவலகம் நாற்பதே நிமிடம்.
மூன்றாம் வருடம்
சாலை பழையபடி நிரம்பியிருந்தது,
புதிய ஆட்களால்.

இதை நான் சொல்லியிருக்கலாம்.
இன்னொன்றும்:
பக்கத்துத் தடம் தங்குதடையின்றி ஓடினால்
எங்களிடம் யார் வருவார்கள்?
இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைத்தான்
படியில் அளந்து விற்கிறோம்,
ஐந்து நிமிடத்துக்கு ஒரு படி.
சம்பளம் வாங்குகிறவன் வாய் திறக்கவில்லை.

அப்போது ஒரு பெண் எழுந்தாள்.
யெசேனியா பாராகான், பல் மருத்துவமனையில் வேலை.
"காப்பகம் ஆறு மணிக்கு மூடும்.
அதன்பிறகு நிமிடத்துக்கு ஒரு டாலர்.
தாமதம் எட்டு நிமிடம் தாண்டும் என்று தோன்றினால்
ஏழு அறுபது எனக்கு மலிவு.
மாதக் கடைசியில் தோன்றினாலும் தோன்றாது.
குறைந்ததா என்று கேட்கிறீர்கள்.
நான் வாங்கிய நாட்களில் குறைந்திருந்தது."
சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.
ஆர்வில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.
பொறியாளர் இருபதாவது படத்தைத் தேடினார்.

வெளியே வாகன நிறுத்தத்தில்
டேப் ஒட்டிய கண்ணாடியைப் பார்த்தேன்.
பின்னிருக்கையில் குழந்தை நாற்காலி,
அதில் ஒற்றைச் செருப்பு.
பதினேழாம் கேமராவுக்கு அது தெரியாது,
கோணம் அப்படி.

இன்று என் ஷிஃப்ட் சீக்கிரம் முடிந்தது.
ஊழியர்களுக்குச் சலுகை இல்லை.
பதினேழுக்கு நேர்கீழே வந்து நிற்கிறேன்,
முன்னால் மெத்தை ஏற்றிய ஒரு பிக்கப்,
கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்து ஆடுகிறது.
இடப்பக்கம் விர்ரென்று போகிறவர்களில்
எனக்கு யாரையும் தெரியாது.

பலகை கண் சிமிட்டுகிறது: ஐந்து நாற்பது.
கை சிக்னலுக்குப் போகிறது.
ஆறு மணிக்கு மூடும் எதுவும் எனக்கில்லை.
கை திரும்பி வருகிறது,
மறுபடி போகிறது.

மேலே என் நாற்காலியில் துவான் இருப்பான்.
பார்த்திருப்பான்.
நாளைக்குக் கேட்கமாட்டான்.